முப்பதாவது கிலோமீட்டரில் என்ன நடந்தது?

போன எபிசோடோட கடைசியில உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தேன். விளையாட்டுல நீங்க ரொம்பப் பெருமைப்பட்ட தருணம் எது? வந்த வாய்ஸ் நோட்ல கோப்பை, மெடல் கதையெல்லாம் கம்மி. ஒரு அக்கா, அம்பத்திரண்டு வயசுல நீச்சல் கத்துக்கிட்டு, 25 மீட்டர் குளத்தை நடுவுல கம்பியைப் பிடிக்காமக் கடந்த நாளைச் சொன்னாங்க. கேட்டதும் எனக்குக் குற்ற உணர்ச்சி. ஏன்னா என் கதையில ஒரு பொய் இருக்கு. இன்னைக்கு அதைச் சொல்லிடறேன்.

மூணு வருஷம் முன்னாடி, ஜனவரி மாசம், சென்னையில என் முதல் ஃபுல் மாரத்தான். 42.195 கிலோமீட்டர். விடியறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட். கூட்டம், ஸ்பீக்கர் பாட்டு, குளிர்ந்த காத்து. கால் தானாப் பறக்குது. பாதி தூரத்தை 2 மணி 12 நிமிஷத்துல முடிச்சிட்டேன். பிராக்டிஸ்ல ஒருநாள்கூட அவ்வளவு வேகமா ஓடுனதில்ல.

முப்பது தாண்டினதும் கால் கல்லாயிடுச்சு. முப்பத்து மூணுல பிளாட்பாரத்துல உக்காந்தேன். ஒரு வாலன்டியர் தம்பி வாழைப்பழம் நீட்டினான், வேண்டாம்னு தலையாட்டினேன். எந்திரிச்சு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். ஆபீஸ்ல கேட்டவங்க எல்லார்கிட்டயும் "முட்டி போயிடுச்சு"ன்னு சொன்னேன். முட்டிக்கு ஒண்ணும் ஆகல. அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போ என்ன ஆச்சு? ஓடறவங்க இதை 'வால்', அதாவது சுவர்னு சொல்வாங்க. நாம சாப்பிடற மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனா மாத்தி தசையிலயும் கல்லீரல்லயும் வச்சிருக்கும். தோராயமா 2000 கலோரி அளவுக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவு. என் எடை 70. அப்போ கிலோமீட்டருக்கு 70. கணக்குப் போட்டுப் பாருங்க, இருபத்தெட்டு இருபத்தொன்பதுலயே டப்பா காலி.

உடம்புல கொழுப்பு நிறைய இருக்கே, அதை எரிக்கலாமேன்னு கேப்பீங்க. எரிக்கும், ஆனா அதுல இருந்து சக்தி மெதுவாத்தான் வரும். மெதுவா ஓடினா கொழுப்போட பங்கு அதிகம், வேகமா ஓடினா கிளைக்கோஜனோட பங்கு அதிகம். முதல் பாதியில நான் காட்டின சீன் எல்லாமே கடன். மூளைக்கும் குளுக்கோஸ்தான் சாப்பாடு. அதனாலதான் அந்த நேரத்துல மனசும் சேர்ந்து விழுது. நம்பிக்கை போயிடுச்சுன்னு நினைச்சேன். போனது சர்க்கரை. அந்தத் தம்பி நீட்டின பழம்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு!

இது எதுவுமே அப்போ எனக்குத் தெரியாது. ரிசல்ட் பக்கத்துல என் பேருக்கு நேரா 30 வரைக்கும் நேரம் இருந்துச்சு, அதுக்கப்புறம் வெறும் கோடு. நெஞ்சுல குத்தற நம்பர்ல ஒரு சிப் இருக்கும், ரோட்டுல போட்ட மேட்டைத் தாண்டும்போதெல்லாம் அது நேரத்தைப் பதியும். முட்டிக் கதையை அந்த சிப் நம்பாது.

ஒரு வருஷம் ஷூவையே தொடல. அப்புறம் ஒரு ராத்திரி காம்ரேட்ஸ் ரேஸ் வீடியோ கண்ணுல பட்டுது. தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல, சுமார் 90 கிலோமீட்டர். 1921-ல 34 பேரோட தொடங்கினது. இப்போ 12 மணி நேரம் டைம். அது முடியற நொடியில ஒருத்தர் ஓடி வர்றவங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு துப்பாக்கியால சுடுவார். அதுக்கப்புறம் யார் வந்தாலும் மெடல் கிடையாது. கடைசி நிமிஷத்துல தள்ளாடி வர்றவங்களுக்காக மொத்த ஸ்டேடியமும் கத்துது. ஜெயிச்சவர் எப்பவோ வந்து முடிச்சாச்சு! அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன்.

போன ஜனவரி மறுபடி அதே ரேஸ். இந்தத் தடவை முதல் பாதியில எல்லாரும் என்னைத் தாண்டிப் போனாங்க. ஒரு தாத்தா "வா தம்பி"ன்னு சொல்லிட்டே தாண்டினார். கடுப்பாத்தான் இருந்துச்சு, ஆனா வேகத்தைக் கூட்டல. நாப்பது நிமிஷத்துக்கு ஒருதடவை பேரீச்சம்பழம், நடுநடுவுல உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ். முப்பத்து மூணாவது கிலோமீட்டர்ல அந்தப் பிளாட்பாரம் வந்துச்சு. பார்த்தேன். தாண்டிட்டேன். அவ்வளவுதான், பெருசா ஒண்ணும் தோணல.

முதல் பாதி 2:50:10. ரெண்டாவது பாதி 2:48:40. அதாவது பின்பாதி ஒண்ணரை நிமிஷம் வேகம். மறுநாள் ஆபீஸ்ல "அஞ்சரை மணி நேரத்துக்கு மேலயா?"ன்னு சிரிச்சாங்க. அந்த ஒண்ணரை நிமிஷத்தை அவங்களுக்கு விளக்க முடியல. ஆனா முட்டிக் கதை பொய்னு அன்னைக்குச் சொல்லிட்டேன். அதுக்கும் சிரிச்சாங்க.

ரேஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ அம்மா எத்தனாவது இடம்னு கேக்கல.

"இந்த வாட்டி எங்கயும் உக்காரலையே?"

"இல்லம்மா."

"சரி, குளிச்சிட்டு வா. தோசை ஊத்தறேன்."