ஒரு மணியில் இரு மொழிகள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். 1803இல் சரபோஜி மன்னர் காலத்தில் வெட்டப்பட்ட மராத்திக் கல்வெட்டைக் காட்டினேன். "வேற ஊர்லேருந்து வந்தவங்க, அவங்க மொழியை எதுக்கு டீச்சர் இங்க வெட்டி வச்சாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று எனக்குச் சரியான விடை தெரியவில்லை.

பின்னர் பணியிடைப் பயிற்சிக்காகச் சென்னை சென்றேன். பாரிமுனை அருகே 'அரண்மனைக்காரன் தெரு' இருக்கிறது. அங்கே அரண்மனை எதுவும் இல்லை. 'ஆர்மீனியக்காரன்' என்ற சொல்லே மக்கள் பேச்சில் அப்படி மாறியது என்பார்கள். அத்தெருவில்தான் ஆர்மீனியர்களின் புனித மரியன்னை தேவாலயம் உள்ளது.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடு ஆர்மீனியா. கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்னும் துறவி அம்மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆர்மீனியர்களைப் பெருந்திரளாக இஸ்ஃபகானுக்குக் குடிபெயர்த்தார். அவர்களின் வழிவந்த வணிகர்களே சென்னைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அவர் கொடையே.

1712இல் எழுந்த தேவாலயம், 1772இல் இப்போதுள்ள இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது. வளாகத்தில் நடந்தால் காலடியெங்கும் ஆர்மீனிய எழுத்துகள் பொறித்த கல்லறைப் பலகைகள். தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். அவற்றுள் ஒன்று 1754இல் வார்க்கப்பட்டது. அதில் ஆர்மீனிய வாசகம் உண்டு. 1808இல் அது மறுபடி வார்க்கப்பட்டபோது தமிழும் இடம்பெற்றது.

இவ்வளாகத்தில்தான் அருட்தந்தை ஹாருத்தியுன் ஷ்மவோனியன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1794இல் அவர் சென்னையில் தொடங்கிய 'அஸ்தரார்', உலகின் முதல் ஆர்மீனிய இதழ். நாடு பிறர் ஆட்சியில் இருந்த அக்காலத்தில், விடுதலை பெற்ற ஆர்மீனியாவுக்கான அரசியலமைப்பு வரைவு ஒன்றும் இதே ஊரில் அச்சாயிற்று.

இன்று சென்னையில் ஆர்மீனியச் சமூகம் அநேகமாக இல்லை. எழுத்து மட்டும் இருக்கிறது. மாணவிக்கு நான் சொல்ல வேண்டிய விடை அங்கே கிடைத்தது: மண்ணை உடன் எடுத்துச் செல்ல முடியாதவர்கள் எழுத்தை எடுத்துச் செல்கிறார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். "எங்க அப்பாவும் துபாய் ரூம் சுவத்துல எங்க பேரைத் தமிழ்ல எழுதி வச்சிருக்காரு, டீச்சர்." வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

வகுப்பறைச் செயல்பாடு: உங்கள் ஊர்க் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாலம், மதகு ஆகியவற்றில் உள்ள பழைய எழுத்துகளை மாணவர்கள் தேடட்டும். கல்லின்மேல் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவாமல், பார்த்து எழுதி வரட்டும். எந்த மொழி, எந்த ஆண்டு, யார் எழுதியது, யார் படிப்பதற்காக என்ற நான்கு கேள்விகள் போதும். நான்காவது கேள்விக்கு நேரம் கொடுங்கள். உரையாடல் அங்கிருந்துதான் தொடங்கும்.