போக மறுக்கும் உரிமை

ஹைதராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலாகட்டும், சென்னை மாம்பலத்து ஒண்டுக்குடித்தனத்திலாகட்டும், புக்ககத்து வாழ்வு பொறுக்கமாட்டாமல் பிறந்தகம் திரும்பிவிட்ட பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப்போட்டால், அதற்கு மறுமொழியாகக் கோர்ட்டு அமீனா கொண்டுவந்து நீட்டக்கூடிய காகிதம் ஒன்று உண்டு. நியாயமான காரணமின்றி மனைவி பிரிந்திருக்கிறாள், சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று புருஷன், 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி கேட்கும் மனு அது. "இவ்வளவு தூரம் கூப்பிடுகிறாரே, போனால்தான் என்ன?" என்று பெற்ற தாயே கேட்டுவிடுகிறாள்; வாழாவெட்டி என்ற பெயருக்கு அவ்வளவு பயம்.

இந்தப் பிரிவே செல்லாது என்று 1983 ஜூலையில் தீர்ப்பளித்தவர், இதே ஹைதராபாத்தில் மூசி நதிக்கரை ஹைகோர்ட்டில் அமர்ந்திருந்த நீதிபதி பி. ஏ. சௌத்ரி. வழக்கில் சம்பந்தப்பட்டவர், பாலசந்தரின் 'தண்ணீர் தண்ணீர்' படத்தால் தமிழர் மனத்தில் இடம்பெற்ற நடிகை சரிதா. பள்ளிப் பருவத்திலேயே விவாகமாகி, விரைவிலேயே பிரிந்து, பல வருஷங்கள் கழித்து அவர் புகழ்பெற்ற நடிகையாகியிருந்த காலத்தில், கணவர் கடப்பைக் கோர்ட்டில் இந்த மனுவைத் தொடுத்திருந்தார். காகிதத்தில் இருபாலாருக்கும் பொதுவான பிரிவுதான்; ஆயினும் இதைக் கையாளுகிறவர்கள் பெரும்பாலும் கணவன்மாரே என்பதையும், விருப்பமற்ற பெண்ணின் தேகத்தையும் கருத்தரிப்பையும் பற்றிய முடிவை அவளிடமிருந்து பிடுங்கி ராஜாங்கத்தின் கையில் கொடுப்பதாகும் இது என்பதையும் நீதிபதி தயக்கமின்றி எழுதினார். அந்த எழுத்தை நான் நம் நீதிமன்றங்களின் பெருமைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

மறு வருஷமே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. தாம்பத்தியத்தைக் காப்பதே இப்பிரிவின் நோக்கம் என்றது. உத்தரவை மீறினால் சொத்து ஜப்தியாகலாம். சம்பாதிக்கிற பெண்ணுக்கு அது சாமானியமான அச்சுறுத்தலன்று.

முன்பு, இத்தகைய உத்தரவை மீறினால் சிறையே உண்டு. பதினோராம் வயதில் முடித்துவைத்த விவாகத்தை ஏற்க மறுத்த பம்பாய் ருக்மாபாய், 1887இல், கணவனிடம் போவதைவிடச் சிறைக்குப் போவதே மேல் என்று துணிந்து நின்று, பிற்பாடு லண்டனில் படித்து டாக்டரானார். சேர்ந்து வாழ உத்தரவிடும் இந்த வழக்கத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்து 1970இல் தன் சட்டத்திலிருந்து அதை நீக்கிவிட்டது. நாம் சிறையை மட்டும் 1923இல் நீக்கி மற்றதைக் கட்டிக் காக்கிறோம்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியிருக்கிறது: சேர்ந்து வாழும்படி உத்தரவாகியும் போகாத மனைவிக்கு, போகாமைக்குத் தக்க காரணம் இருக்குமானால், ஜீவனாம்சம் மறுக்கப்படலாகாது. ஆகவே, சம்மன் கண்டு கலங்கி வாளாவிருந்து ஒருதலைப்பட்சமான எக்ஸ்பார்ட்டி தீர்ப்புக்கு இடம் கொடுத்துவிடாமல், அடியும் வசவும் பட்ட நாட்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வக்கீலிடம் சொல்லிப் பதில் மனுவில் எழுதச் செய்வது அவசியம்.