200 கிலோ இழுவையும் ஒரு குதிகாலும்

சங்கிலிக் குண்டு எறிதலில் பெண்கள் வீசும் குண்டு, கம்பி, கைப்பிடி எல்லாம் சேர்ந்து 4 கிலோதான். தூக்கிப் பார்த்தால் பெரிய கனமில்லை; சுழற்றத் தொடங்கினால்தான் சங்கதி தெரியும். போலந்து வீராங்கனை அனிதா வோடார்சிக் 2016 ஆகஸ்ட் 28 அன்று வார்சாவில் 82.98 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தார். அவ்வளவு தூரம் போக, கையை விட்டுப் பிரியும்போது குண்டின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வேகத்தில் அது கைகளை இழுக்கும் விசையைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு ஈடாகிறது!

இந்த இழுவையை வெறும் புஜபலத்தால் தாங்க முடியாது. கவணில் கல் சுற்றும், ஆள் நின்ற இடத்தில் நிற்பார். இங்கே ஆளும் குண்டும் ஒன்றையொன்று இழுத்தபடி சேர்ந்தே சுழல்கின்றன. குண்டு முன்னே இழுக்க, எறிபவர் இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் சாய்கிறார். இடது குதிகாலிலும் முன்பாதத்திலும் மாறி மாறித் திரும்பி, 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் மூன்று நான்கு சுற்றுகளை முடிக்க வேண்டும். இரண்டு கால்களும் தரையில் ஊன்றியிருக்கும்போதுதான் குண்டுக்கு வேகம் நன்றாக ஏறும். அதனால் வலது காலை எவ்வளவு சீக்கிரம் தரைக்குக் கொண்டுவருகிறார் என்பதே பெரிய வித்தை. வோடார்சிக் எறிவதைக் காணொளியில் பார்ப்பவர்கள் அவர் தோளை விட்டுவிட்டுக் காலைக் கவனிக்க வேண்டும் என்பேன்.

பெண்களுக்கான இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2000-இல், சிட்னியில். முதல் தங்கத்தை வென்றவர் 17 வயது போலந்துப் பெண் கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா. 2009 பிப்ரவரியில் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பால் அவர் திடீரென இறந்தார். அதே ஆண்டு பெர்லினில் வோடார்சிக் உலக சாதனையோடு உலக சாம்பியன் ஆனார். துள்ளிக் குதித்துக் கொண்டாடியதில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டது தனிக்கதை. பின்னாளில் அவர் தோழி கமிலாவின் கையுறையை அணிந்து எறிந்தார். 82.98 மீட்டர் எறிந்ததும் கமிலாவின் நினைவுப் போட்டியில்தான்.

2015-இல் வோடார்சிக் 81.08 மீட்டர் எறிந்து, 80 மீட்டரைக் கடந்த முதல் பெண் ஆனார். லண்டனில் பெற்ற ஒலிம்பிக் வெள்ளி, முதலிடம் பிடித்த ரஷ்ய வீராங்கனை ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதி இழந்ததால் தங்கமானது. ரியோவிலும் தங்கம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு டோக்கியோவில் மீண்டும் தங்கம். தடகளத் தனிநபர் போட்டி ஒன்றில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர். 2022-இல் தன் காரை உடைத்த திருடனைத் துரத்திப் பிடித்ததில் தொடைத்தசை கிழிந்து, மறுபடியும் அறுவை சிகிச்சை.

எறியும் தூரம், குண்டு விடுபடும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஒரு சதவீதம் கூடினால் தூரம் இரண்டு சதவீதம் கூடும். 80 மீட்டர் எறிபவருக்கு அது ஒன்றரை மீட்டருக்கும் மேல். 2024 பாரிஸ் இறுதிப்போட்டியில், 39 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில், வோடார்சிக் 74.23 மீட்டர் எறிந்தார். வெண்கலம் வென்ற சீன வீராங்கனையின் தூரம் 74.27 மீட்டர். அதே கோணத்தில் எறிந்ததாகக் கொண்டால், அந்த 4 சென்டிமீட்டரைப் பெற வேகத்தில் தேவைப்பட்ட கூடுதல், நொடிக்கு சுமார் 7 மில்லிமீட்டர்.