தாள் தாங்கும் பலகை

நுழையும்முன்

நாற்காலியில் அமர்வோர் அதன் முதுகையும் கையையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பர். கால் எங்கே இருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கால் வைப்பதற்கென்று செய்யப்பட்ட சிறு பலகைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வேந்தரின் செருக்கும் உண்டு. உழைப்பவரின் வலியும் உண்டு. இன்று அப்பலகை யாருக்குத் தேவை, யாருக்குக் கிடைக்கிறது என்பவற்றையும் இக்கட்டுரை பேசுகிறது.

உயர்ந்தது இருக்கை, தொங்கியது கால்

பாயிலோ மணையிலோ சம்மணமிட்டு அமர்பவருக்குக் கால்தாங்கி வேண்டியதில்லை. இருக்கை தரையைவிட்டு உயர்ந்தபோதுதான் சிக்கல் தோன்றியது. இருக்கையின் உயரம் அமர்பவரின் முழங்கால் உயரத்தை விஞ்சினால் கால் தரையைத் தொடாமல் தொங்கும். அதனைச் சீர்செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இருக்கையைத் தாழ்த்துதல். மற்றொன்று, கால் இருக்கும் இடத்தில் மட்டும் தரையை உயர்த்துதல். இரண்டாம் வழியில் பிறந்ததே கால்தாங்கி. குழித்தறி நெசவாளர் இவ்விரண்டிற்கும் மாறான மூன்றாம் வழியைக் கண்டனர். தரையைத் தோண்டிக் குழியாக்கி, அதன் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் உள்ள மிதிபலகைகளைக் காலால் இயக்கினர். அங்கே இருக்கை உயரவில்லை, தரை தாழ்ந்தது.

தமிழில் இப்பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. சிற்பம் பற்றிய எழுத்துகளில் அது பாதபீடம்; விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் பாதபடி; இன்றைய அலுவலகங்களில் ஃபுட்ரெஸ்ட். பெயர்கள் வேறாயினும், ஒவ்வொன்றும் ‘அடிக்குக் கீழே உள்ளது’ என்னும் கருத்தையே தாங்கி நிற்கின்றது.

பகைவரை மிதித்த பலகை

எகிப்தில் 1922ஆம் ஆண்டு ஓவர்டு கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையில், பொன்வேய்ந்த அரியணையோடு கால்தாங்கிகளும் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றின் மேற்பரப்பில் கைகள் பின்புறம் கட்டப்பட்ட பகைவர்களின் உருவங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னன் அமர்ந்து காலை வைக்கும்போதெல்லாம் எகிப்தின் பகைவர் அனைவரும் அவன் அடிக்கீழ் இருப்பர் என்பது அதன் பொருள். அவனுடைய காலணிகளின் மேல்தளத்திலும் இத்தகைய உருவங்கள் உள்ளன. அமர்ந்தாலும் நடந்தாலும் பகைவரை மிதித்தல் என்பதே அக்கைவினைஞர் கொண்ட எண்ணம்.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. துட்டன்காமன் அரியணை ஏறியபோது அவனுக்கு வயது ஏறத்தாழ ஒன்பது. பெரியவருக்கென்று செய்த அரியணையில் ஒன்பது வயதுச் சிறுவனின் கால் தரையைத் தொடாது. பகைவரின் உருவம் பொறித்த அப்பலகை, வெற்றியின் சின்னமாக விளங்கியது ஒருபுறமிருக்க, ஒரு சிறுவனின் தொங்கும் கால்களுக்குத் துணையாகவும் இருந்திருக்கக்கூடும். சின்னமும் தேவையும் இவ்வாறு ஒரே பலகையில் இணைந்து கிடப்பதைக் கால்தாங்கியின் வரலாறு முழுவதும் காணலாம்.

அசீரிய வேந்தன் செனகெரிப் பொ.ஆ.மு. 701இல் இலாகீசு நகரை வென்றான். அவ்வெற்றியைக் காட்டும் புடைப்புச் சிற்பங்கள் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. உயர்ந்த அரியணையில் அமர்ந்த வேந்தனின் பாதங்கள் ஒரு பீடத்தின்மீது இருக்கின்றன; அவன்முன் மண்டியிடுவோரின் முழங்கால்கள் வெறுந்தரையில் படிகின்றன. பாரசீகத்தின் பெர்சிபோலிசு நகரச் சிற்பத்திலும் அரியணையில் வீற்றிருக்கும் பேரரசனின் கால் பீடத்தின்மேல்தான் உள்ளது. பிறர் மிதிக்கும் மண்ணில் வேந்தனின் அடி படலாகாது என்னும் கருத்தை இக்காட்சிகள் உரக்கச் சொல்கின்றன.

கிரேக்க நாட்டின் பைலோசு அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகள் வேறு வகையானவை. ஏறத்தாழப் பொ.ஆ.மு. 1200இல் அரண்மனை தீக்கிரையானபோது அப்பலகைகள் சுடுமண்ணாகி நிலைத்துவிட்டன. 1952இல் மைக்கேல் வென்றிசு என்பவர் அவற்றிலுள்ள ‘லீனியர் பி’ எழுத்தைப் படித்தறிந்தார். அவற்றுள் ஒன்று கால்தாங்கிகளின் பட்டியல். மனிதன், குதிரை, எண்காலி, பனை வகை மரம் ஆகியவற்றின் உருவங்கள் தந்தத்தால் இழைக்கப்பட்ட கால்தாங்கி ஒன்றை எழுத்தர் அதில் குறித்துள்ளார். அவர் போற்றிப் பாடவில்லை, இருப்பைக் கணக்கெடுத்தார். இவ்வளவு வேலைப்பாடு ஒரு காலடிப் பலகைக்கா என்று நாம் வியப்பதற்கு அந்த வறண்ட கணக்கே போதுமானதாக உள்ளது.

அமராவதியில் ஒரு வெற்று அரியணை

இந்தியச் சிற்பங்களில் பாதபீடம் பெற்ற இடம் இன்னும் நுட்பமானது. கிருட்டிணை ஆற்றங்கரையில் அமைந்த அமராவதித் தூபியின் சிற்பங்களுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அமராவதியின் பழஞ்சிற்பங்கள் பலவற்றில் புத்தரின் உருவம் செதுக்கப்படவில்லை. வெற்று அரியணையும், அதன்முன் பாதபீடமும், அதில் இரண்டு அடிச்சுவடுகளும் மட்டுமே உள்ளன. சூழ நிற்போர் அந்த வெற்றிடத்தை நோக்கிக் கைகூப்புகின்றனர். எகிப்தில் பிறரை மிதிப்பதற்கான இடமாக இருந்த பலகை, இங்கே காணாத ஒருவரின் இருப்பை உணர்த்தும் பலகையாக மாறிவிட்டது. இம்மாற்றம் எளிதன்று.

தமிழகத்துச் சிற்பங்களில், ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்த தெய்வ வடிவங்கள் பல உண்டு. அவற்றின் தொங்கும் காலுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு சிறு தாமரை மலர்ந்திருக்கும். தென்முகக் கடவுளாகிய தட்சிணாமூர்த்தி வடிவிலோ அவ்விடத்தில் முயலகன் கிடப்பான். அறியாமையின் உருவமாக முயலகனைக் கொள்வது மரபு. கோயில் சுவரில் இவ்வடிவத்தைக் காணும் மாணவர், தொங்கும் அடியை எதுவுமின்றி விட்டுவிடச் சிற்பியின் கண் ஒப்பவில்லை என்பதையும் உணரலாம்.

தணலும் மெத்தையும்

அரண்மனையைவிட்டு வீட்டுக்குள் நுழைந்த கால்தாங்கி நாட்டுக்கு நாடு வேறுபட்டது. குளிர் மிகுந்த நெதர்லாந்தில் அது ஒரு மரப்பெட்டி. மேற்பலகையில் துளைகள் இருக்கும். உள்ளே மண்சட்டியில் தணல் இருக்கும். பெண்கள் அதன்மேல் காலை வைத்துப் பாவாடையால் மூடிக்கொண்டு வெப்பத்தைக் காத்தனர். வெர்மீர் வரைந்த ‘பால் ஊற்றும் பெண்’ என்னும் ஓவியத்தின் கீழ்மூலையில் அப்பெட்டியைக் காணலாம். இங்கிலாந்தில், கீல்வாதத்தால் வீங்கிய காலைத் தாங்குவதற்கென்றே சாய்வை மாற்றத்தக்க பீடங்கள் செய்யப்பட்டன. ‘ஓட்டோமான்’ எனப்படும் மெத்தையிட்ட தாழ்பீடம் துருக்கியப் பேரரசின் பெயரைத் தாங்கி ஐரோப்பிய வரவேற்பறைகளில் இடம்பிடித்தது. அது இன்று தொலைக்காட்சியின்முன் கிடக்கிறது.

உடல் சொல்லும் கணக்கு

கடைகளில் கிடைக்கும் நாற்காலிகளின் இருக்கை பொதுவாக 43 முதல் 46 செ.மீ. உயரம் கொண்டது. எல்லார் உடலும் அவ்வளவுக்குப் பொருந்துவதில்லை. இதனைக் கணக்கிடுதல் எளிது. வழக்கமாக அணியும் காலணியுடன் நேராக அமர்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்க வேண்டும். அவ்வளவு 38 செ.மீ. என்றும், இருக்கையின் உயரம் 45 செ.மீ. என்றும் கொண்டால், தேவைப்படும் கால்தாங்கியின் உயரம் ஏறத்தாழ 7 செ.மீ.

அந்த 7 செ.மீ. இல்லாதபோது நேர்வது என்ன? காலின் எடை தொடையின் அடிப்பகுதியில் தொங்குகிறது. இருக்கையின் முன்விளிம்பு அவ்விடத்தை அழுத்துவதால் அங்குள்ள குருதிக்குழாய்களும் நரம்புகளும் நெருக்கப்படுகின்றன, கால் மரத்துப்போகிறது. அதனைத் தவிர்க்க அமர்ந்திருப்பவர் தம்மையறியாமல் முன்னோக்கி நகர்ந்து கால்விரலைத் தரையில் ஊன்றுகிறார். உடனே முதுகு சாய்மானத்தை விட்டு விலகி, வளைந்துவிடுகிறது. முதுகுவலிக்கு நாற்காலியின் முதுகைக் குறைகூறுவோர் பலர். குறை காலடியில் இருப்பதும் உண்டு. வகுப்பறை மேசையின் கீழ்ச்சட்டத்தை மாணவரின் கால் தானாகவே தேடுவதற்கும் இதுவே காரணம்.

கெண்டைக்காலின் தசைகள் சுருங்கும்போது கீழிருந்து குருதி இதயத்தை நோக்கி மேலே தள்ளப்படுகிறது. கால் அசையாதிருந்தால் அவ்வேலை தடைபட்டு, மாலையில் பாதம் வீங்குகிறது. எனவே முன்னும் பின்னும் அசையக்கூடிய சாய்பலகை, அசையாத பெட்டியைவிட நல்லது. ஆனால் எந்தக் கால்தாங்கியும் எழுந்து நடப்பதற்கு ஈடாகாது. அளவுக்கு மேல் உயர்ந்த பலகையும் தீங்கானது; அது முழங்காலை மேலே தூக்கி, உடலின் எடை முழுவதையும் இருப்பெலும்பின்மேல் ஏற்றுகிறது. வீங்கிய காலின் நீர் வடிய வேண்டுமாயின், படுத்துக் காலை இதயத்தைவிட உயர்த்தி வைத்தலே பயன் தரும். தாழ்ந்த முக்காலி அதற்குப் போதாது.

நின்று வேலை செய்வோருக்கும் கால்தாங்கி உதவும். ஒரு காலை 10 அல்லது 15 செ.மீ. உயரத்தில் வைத்து நின்றால் இடுப்பெலும்பு சற்றே சாய்ந்து, கீழ்முதுகின் வளைவு தளர்கிறது. காலை மாற்றி மாற்றி வைக்கும்போது சுமையும் மாறுகிறது. மேனாட்டுக் கழிப்பறையில் காலடியில் ஒரு முக்காலியை இடுவதும் இத்தகைய உடற்கணக்கே. முழங்கால் உயரும்போது உடல், குந்தி அமரும் பழைய நிலையை நெருங்குகிறது.

சக்கர நாற்காலியில் கால்தாங்கி என்பது வசதியன்று, இன்றியமையாத உறுப்பு. அது இல்லையெனில் பாதம் தரையில் இழுபட்டுக் காயமுறும். உணர்விழந்த காலுடையோர் அக்காயத்தை அறியவும் மாட்டார். அதன் உயரம் தவறினாலும் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து படுக்கைப்புண் போன்ற புண் தோன்றும்.

தெரிந்து தெளிவோம்

இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்வோருக்கான கால்தாங்கி, உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, கைப்பிடியையும் கால்தாங்கியையும், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பையும் கட்டாயமாக்கியது. சேலை சக்கரத்தில் சிக்காமல் காப்பது அம்மூடியே.

சட்டத்தில் ஏறிய பலகை

கணினித் திரைமுன் பணிபுரிவோர் குறித்து ஐரோப்பியச் சமூகம் 1990ஆம் ஆண்டு ஓர் ஆணையை வெளியிட்டது. கால்தாங்கியை விரும்பிக் கேட்கும் எவருக்கும் அது வழங்கப்பட வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. மருத்துவச் சான்று வேண்டும் என்றோ உயர்பதவி வேண்டும் என்றோ அது கூறவில்லை, விரும்பினால் போதும். வேந்தரின் பாதத்துக்குரியதாக இருந்த பொருள் தட்டச்சரின் உரிமையானது அங்கேதான்.

நம் பகுதியில் அதற்கு முந்தைய படியே அண்மையில்தான் எட்டப்பட்டது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள்முழுதும் நின்றுகொண்டே விற்பனை செய்யும் பெண்கள், அமர்வதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்டனர். கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளரின் நீண்ட போராட்டத்திற்குப்பின் கேரளம் 2018இல் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் பொருத்தமான இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. ஒரு முக்காலிக்காகப் பேரவையில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பது வருத்தத்திற்குரியது. இயற்றப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது.

‘பொருத்தமான’ என்னும் சொல்லில்தான் இனிச் செய்ய வேண்டிய வேலை உள்ளது. பணம் பெறும் மேசை, நிற்பவரின் கைக்கேற்ற உயரமுடையது. அதன் பின்னால் அமர்பவருக்கு உயர்ந்த இருக்கையே தரப்படும். உயரம் குறைந்த பெண்ணொருவர் அதில் ஏறி அமர்ந்தால் அவர் கால் நாள்முழுதும் தொங்கும். மேசையின் அடியில், அவரவர் கால் எட்டும் உயரத்தில், மாற்றிப் பொருத்தத்தக்க ஒரு குறுக்குக் கட்டை இருந்தால் அக்குறை நீங்கும். அதனைச் செய்ய ஒரு தச்சருக்கு ஒரு பிற்பகல் போதும். அதற்குமுன் அங்கே அமர்பவரின் முழங்கால் உயரத்தை யாரேனும் அளந்தாக வேண்டும்.