பெயர் தெரியாத பாட்டுக்கு மயங்கிய கூட்டம்! கதம்பக் கேசட்டில் நுழைந்த ‘போசா நோவா’

கீழ்பென்னாத்தூர்:
‘போசா நோவா’ என்றதும் ஏதோ புது மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு தாளம்! திருவிழா மேடையில் கீபோர்டு வாசிப்பவரைக் கேளுங்கள். “அதுக்குத் தனி பட்டனே இருக்கே” என்பார். 1980-களில் வந்த குட்டி காசியோ பெட்டியில்கூட அந்தப் பட்டன் இருந்தது.

பிறந்தது எங்கே?

பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனிரோ நகரில். 1958-ல் ஜோபிம் மெட்டமைக்க, ஜோவோ கில்பர்டோ கிதாரோடு பாடினார். சம்பா ஆட்டத்தின் தாளம்தான். ஆனால் ஆர்ப்பாட்டம் கிடையாது. காதோடு ரகசியம் பேசுவது போன்ற குரல். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்டான் கெட்ஸ், கில்பர்டோவுடன் சேர்ந்து சாக்ஸபோன் ஊதிய ஆல்பம் 1964-ல் வந்து சக்கைப் போடு போட்டது. மறு ஆண்டே கிராமி பரிசும் தட்டிச் சென்றது.

அதே 1964-ல்தான் இங்கே ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’ படங்கள் வந்தன. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் மேல்நாட்டு தாளங்கள் துள்ளி விளையாடின. பெயர் தெரியாமலே ஜனங்கள் தலையாட்டினார்கள்.

கதம்பத்தின் கவர்ச்சி

ஜாஸ் என்றால் பலருக்கும் பயம். யார் வாசித்தது, எதை முதலில் கேட்பது என்று குழப்பம். அந்தப் பயத்தைப் போக்கியவை தொகுப்பு ஆல்பங்கள். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் ஒன்று எனப் பொறுக்கிக் கோத்த கதம்பம் அது. ஒன்றுக்குக் காசு கொடுத்தால் பத்துப் பேர் கைவண்ணம்!

நம் ஊர்ப் பக்கம் இந்த வேலையைச் செய்தவர் ‘ரெக்கார்டிங் சென்டர்’ அண்ணாச்சிதான். 1980-களில் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்க்காரர்கள் டவுனுக்குப் பஸ் ஏறினால், சட்டைப் பையில் பாட்டு லிஸ்ட் இருக்கும். ‘சிக்ஸ்டி’ கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம். “மிச்சம் எடம் இருந்தா நீங்களே ஏதாவது நல்லதாப் போட்டுடுங்கண்ணே!” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்காத பாட்டு வீட்டுக்கு வந்தது அந்த மிச்ச இடத்தில்தான்.

6 மாதம் ஜெயில்!

ஆனால் இதில் ஒரு வில்லங்கம். 1984-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திருட்டுப் பதிவுக்குக் குறைந்தது 6 மாதம் ஜெயில், 50 ஆயிரம் ரூபாய் அபராதம். தயாரித்தவர், உரிமையாளர் பெயர், விலாசம், வெளியான ஆண்டு எல்லாம் கேசட்டில் இருக்க வேண்டும் என்றும் கண்டிப்பு. கடையில் எழுதிக் கொடுத்த அட்டையில் இதெல்லாம் ஏது? கேட்டவருக்கு இன்பம், கடைக்காரருக்குக் கூலி, மெட்டுப் போட்டவருக்கும் வாசித்தவருக்கும் சல்லிக்காசு இல்லை!

இன்று செல்போனைத் தட்டினால் கம்ப்யூட்டரே பாட்டுகளைக் கோத்துத் தருகிறது. பாடியவர் பெயரும் திரையில் வருகிறது. ஆனால் “இவருக்கு இது பிடிக்கும்” என்று முகம் பார்த்துப் போட்ட அண்ணாச்சி அதில் இல்லை.

பீரோ மூலையில் பழைய கேசட் கிடக்கிறதா? எடுத்தவுடன் பிளேயரில் போடாதீர்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ஹெட்டில் ஒட்டும். நாடா அறுந்தும் போகும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, பிறகு பிரதி எடுங்கள். உள்ளே இருக்கும் கையெழுத்து லிஸ்ட்டையும் கிழிக்காதீர்கள். பாட்டை எங்கேயும் வாங்கலாம். அந்த வரிசை எந்தக் கம்பெனியிடமும் கிடைக்காது!