நுரையீரலின் காவற் புரதங்கள்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஆரம்பாக்கம். அதன் தெற்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு ஆலைகள் உட்படப் பல தொழிற்சாலைகள் இயங்குகின்றன. இவ்வட்டாரத்து மக்களின் மூச்சோடு உட்புகும் தூசியையும் கிருமிகளையும் நுரையீரலின் ஆழத்தில் எதிர்கொள்வது எது?

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் ‘சர்ஃபக்டன்ட்’ எனும் மெல்லிய படலம் படர்ந்துள்ளது. அதில் சுமார் 90 விழுக்காடு கொழுப்பு; எஞ்சியது பெரும்பாலும் புரதம். மூச்சை வெளிவிடும்போது நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காப்பது இப்படலமே. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதன் பற்றாக்குறையே காரணம் என்பதை 1959-இல் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இப்படலத்தின் சிறப்புப் புரதங்கள் நான்கு. பி, சி ஆகியவை பரப்பு இழுவிசையைக் குறைக்கத் துணைபுரிகின்றன. ஏ, டி ஆகியவையோ காவலர்கள். கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைக் கூறுகளை இனங்கண்டு பற்றிக்கொள்கின்றன; கிருமிகளை ஒன்றுதிரட்டி, விழுங்கும் அணுக்களுக்கு இரையாக்குகின்றன. முன்பின் அறியாத கிருமியையும் எதிர்க்கும் இவ்வாற்றலே பிறவித் தடுப்பாற்றல் எனப்படுகிறது.

இத்துறையில் நம் நாட்டின் பங்கும் உண்டு. டெல்லியைச் சேர்ந்த தருணா மதன், உஷா சர்மா ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களுடன் இணைந்து 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஈரத் தானியத்திலும் வைக்கோலிலும் வளரும் ‘அஸ்பெர்ஜில்லஸ்’ பூஞ்சையின் வித்துக்களை இப்புரதங்கள் பற்றிக்கொள்வதையும், அதனால் வெள்ளணுக்கள் அவற்றை எளிதில் அழிப்பதையும் அவ்வாய்வு மெய்ப்பித்தது. அப்பூஞ்சையால் விளையும் ஒவ்வாமையை இவை தணிப்பதை 2001-இல் எலிகளிடத்தில் கண்டனர்.

ஆயினும் காவலர்க்கும் எல்லை உண்டு. புகைப்போரின் நுரையீரலில் ஏ, டி புரதங்கள் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நுண்ணிய சிலிக்கா தூசி மிகுதியாகப் புகுந்தால், சர்ஃபக்டன்டே அளவுமீறிச் சேர்ந்து நுண்ணறைகளை நிரப்பி மூச்சை அடைக்கக்கூடும். சிலிக்கோசிஸ் கண்டவரைக் காசநோயும் எளிதில் பற்றுகிறது.

எனவே, தூசி பறக்கும் பணியில் கைக்குட்டை கட்டுவது போதாது. நுண்தூசியை வடிக்கும் முகமூடி வேண்டும். தூசியை நீர் தெளித்து அடக்குவது நிர்வாகத்தின் கடமை. பணி உடைகளை வீட்டில் உதறாது தனியே துவைத்தல் நன்று. இரண்டு வாரம் நீடிக்கும் இருமலை அலட்சியம் செய்யாதீர். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். உள்ளிருக்கும் காவலர்க்கு வெளியிலிருந்து நாம் செய்யும் உதவி அதுவே.