நந்தவனத் தொண்டும் நலவாழ்வும்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே உள்ள இரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் அங்கு ஏறி இறங்குவோருள் பலர் அப்பெயரின் காரணத்தை அறியார். 1928-ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரிமுத்து என்பார் காசநோயாளருக்கென நிறுவிய நலவாழ்வு இல்லத்தால் வந்த பெயர் அது. அதற்குமுன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய இல்லம் ஒன்றை நடத்தினார். கணிதமேதை இராமானுசன் 1917-இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். தாம்பரத்து இல்லம் 1937-இல் அரசின் வசமாயிற்று. இன்றும் நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொண்டாற்றி வருகிறது.

அக்காலத்தில் காசநோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. தூய காற்றும் நல்லுணவும் ஓய்வுமே மருந்து எனப்பட்டன. ஓய்வு மட்டும் போதாது என்று கருதியவர், இங்கிலாந்தின் பிரிம்லி இல்லத்து மருத்துவர் மார்க்கஸ் பேட்டர்சன். 1905-இல் திறக்கப்பட்ட அவ்வில்லத்தில் அவர் நோயாளரை முதலில் நடக்கச் செய்தார். பிறகு கூடையில் மண் சுமக்கச் செய்தார். உடல் தேறத் தேற, சிறிய மண்வெட்டியும் பின்னர்ப் பெரியதும் கொடுத்தார்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. மருந்துகள் வந்தபின், 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டவரும் நலவாழ்வு இல்லத்தில் தங்கி உண்டவரும் ஏறத்தாழ ஒருபடித்தாகவே குணமடைந்ததை 1959-இல் வெளியிட்டது. ஆகவே கிருமியைக் கொல்வது மருந்தே, தோட்டம் அன்று. தோட்டம் தருவது பசியும் உறக்கமும் மனத்தெளிவும். 2011-இல் நெதர்லாந்து நாட்டில் முப்பதின்மரை மனவுளைச்சலுக்கு உட்படுத்திப் பின் ஒரு சாராரை அரைமணி நேரம் தோட்டவேலையிலும், மற்றவரை நூல் படிப்பதிலும் ஈடுபடுத்தி ஆய்ந்தனர். தோட்டத்தில் உழைத்தவர்க்கே உளைச்சல் மிகுதியாகத் தணிந்ததாம். நூலன்பர்கள் பொறுத்தருள்க!

நம் முன்னோர் இதனைத் தொண்டாகவே கொண்டனர். பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்தார். திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் கொய்தார். அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார், தாம்பரத்தை அடுத்துள்ள குன்றத்தூரில் தோன்றியவர். அந்நால்வகைப் பூக்களைப் பறிப்பதிலேயே உடற்பயிற்சி முழுதும் அடங்கிவிடுதல் காண்க. கோட்டுப்பூவிற்குக் கை உயர வேண்டும். நிலப்பூவிற்கு இடுப்பு வளைய வேண்டும். நீர்ப்பூவிற்குக் குளத்துப் படியில் கால் ஊன்றி இறங்க வேண்டும். கொடிப்பூவிற்கு விரல்களில் நுண்மை வேண்டும். இவ்வளவும் காலை இளவெயிலில்!

சேலையூர், சிட்லபாக்கம் முதலிய ஊர்களில் கிணறும் தென்னையும் செம்பருத்தியுமாக இருந்த மனைகள் பல, இன்று அடுக்குமாடிகள். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, மூன்றாம் மாடியில் தனித்து வாழும் முதியோர் பலர். மருந்துச்சீட்டில் குறிக்கப்படாத அவர்தம் நோய் தனிமை. அத்தகையோர் அருகிலுள்ள கோயிலின் அலுவலரை அணுகி, நந்தவனத்தில் ஒரு நாழிகைத் தொண்டு வேண்டிப் பெறலாம். களை பறிக்க நால்வர் கூடினால் பேச்சுத்துணைக்கும் குறைவிராது. சித்திரை, வைகாசி வெயிலில் ஏழரை மணிக்குள் வேலையை முடித்தல் நன்று. அரளி நச்சுச்செடி ஆதலின், அதனைத் தொட்டபின் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும்.

மண்வெட்ட வலுவில்லாதார் பவழமல்லி மரத்தைத் தேர்க. அது இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வது. உதிர்ந்த மலரும் பூசைக்கு ஏற்றதெனக் கொள்வது மரபு. குனிய இயலாதார் முன்மாலையிலேயே தூய துணியொன்றை மரத்தடியில் விரித்து வைக்கலாம்.